ரெட்டரிக்கை மேஜராக எடுக்கப் போகிறீர்களா? லிஃப்ட் கதவில் ஒட்டிய காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

"ரைட்டிங் அண்ட் ரெட்டரிக் படிக்கிறேன்" என்று சொன்னால் கேட்டவர் முதலில் "ஓ, கதை எழுதவா?" என்பார். இல்லை என்றதும் "அப்போ பத்திரிகை வேலைக்கா?" என்பார். அதுவும் இல்லை என்றால் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும், அப்புறம் மரியாதைக்கு "நல்ல சப்ஜெக்ட்" என்று சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுவார். நான் படித்த வருஷங்கள் முழுக்க இதுதான் நடந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, முதல் வருஷத்தில் என்னையே கேட்டிருந்தாலும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன். ரெட்டரிக் என்றால் பேசியோ எழுதியோ பிறரை இணங்க வைக்கிற கலை. ஒரு எழுத்து யார் கையில் போய்ச் சேருகிறது, அவரை என்ன செய்ய வைக்கிறது, ஏன் பல நேரம் எதையுமே செய்ய வைக்காமல் கிடக்கிறது என்று பார்க்கிற படிப்பு இது. அழகாக எழுதக் கற்றுக்கொள்வது இதில் ஒரு ஓரம்தான். இதைப் புரிந்துகொண்டு வந்தவர்கள் நன்றாகப் படித்தார்கள். "எனக்கு நல்லா எழுத வரும், பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கேன்" என்ற நம்பிக்கையில் மட்டும் வந்தவர்கள், நானும் அதில் ஒருத்தன், முதல் செமஸ்டரிலேயே நன்றாக அடி வாங்கினோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு, என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் படி: பெயரைப் பார்க்காதீர்கள், பாடப் பட்டியலைப் பாருங்கள்

இந்தப் படிப்புக்கு ஒரே பெயர் கிடையாது. ரைட்டிங் ஸ்டடீஸ், ரெட்டரிக் அண்ட் காம்போசிஷன், புரொஃபஷனல் ரைட்டிங், டெக்னிக்கல் கம்யூனிகேஷன் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பலகை மாட்டியிருப்பார்கள். தனித் துறையாக இது அதிகம் வளர்ந்தது அமெரிக்காவில்தான். அங்கே முதல் வருஷ மாணவர்கள் எல்லோருக்கும் கட்டாயக் கட்டுரைப் பாடம் வைக்கும் வழக்கம் ஹார்வர்டில் 1885 வாக்கில் தொடங்கிப் பரவியது. அதைச் சொல்லிக்கொடுக்க ஏராளமான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள், அவர்கள் 1949இல் தங்களுக்கென்று தனி மாநாட்டு அமைப்பு வைத்துக்கொண்டார்கள், எழுத்து எப்படி நடக்கிறது என்று ஆராய ஆரம்பித்தார்கள், அது மெல்ல ஒரு துறையாகவே ஆகிவிட்டது. மற்ற பல நாடுகளில் இதே விஷயம் ஆங்கிலத் துறைக்குள்ளோ தகவல் தொடர்புத் துறைக்குள்ளோ மொழியியலுக்குள்ளோ ஒளிந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவிலேயே ஒரு குழப்பம் உண்டு. 1914இல் பேச்சுக் கலை ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர்களிடமிருந்து பிரிந்து தனிச் சங்கம் அமைத்துப் போனார்கள். அதனால் ரெட்டரிக் இன்றைக்கும் இரண்டு வீட்டில் குடியிருக்கிறது. ஒரு வீட்டில் மேடைப் பேச்சு, அரசியல் பிரசாரம், விவாதம். இன்னொரு வீட்டில் எழுத்து. ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு துறையிலும் ரெட்டரிக் பாடம் இருக்கும், ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். நீங்கள் இரண்டு பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

பட்டியலில் என்ன தேட வேண்டும்? மூன்றாம், நான்காம் வருஷப் பாடங்களைத்தான். முதல் வருஷப் பாடங்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், அதில் ஒன்றும் தெரியாது. மேல் வருஷங்களில் ரெட்டரிக் வரலாறு, எடிட்டிங், டாக்குமென்ட் டிசைன், மானிய விண்ணப்பம் எழுதுதல், ஆய்வு முறைகள் என்று இருந்தால் அது இந்தப் படிப்பு. நாவல், கவிதை, விக்டோரியன் காலம் என்று இருந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் அது இலக்கியம். கதைப் பட்டறை, கவிதைப் பட்டறை என்று இருந்தால் கிரியேட்டிவ் ரைட்டிங். மூன்றும் நல்ல படிப்புதான், ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றில் போய் உட்கார்ந்தால் நான்கு வருஷம் நெளிந்துகொண்டிருப்பீர்கள்.

கிரெடிட் கணக்கும் பாருங்கள். அமெரிக்க இளங்கலைப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட் என்பது பொது வழக்கம், மேஜர், அதாவது முதன்மைப் பாடம், அதில் பெரும்பாலும் 30இலிருந்து 45க்குள் முடிந்துவிடும். அதாவது பாதிக்கு மேல் வெளியே எடுக்கலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எழுத்தை மட்டும் படிப்பதைவிட எதைப் பற்றி எழுதுவது என்பதற்கு இன்னொரு பாடம் கையில் வைத்திருப்பது நல்லது. உயிரியல், கணினி, சட்டம், பொதுச் சுகாதாரம், எதுவானாலும் சரி. மைனராகவாவது, அதாவது துணைப் பாடமாகவாவது, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு படித்தவர்களில் வேலை தேடி அதிகம் அலையாதவர்கள் இந்த இரண்டாவது கால் உள்ளவர்கள்தான்.

இரண்டாம் படி: ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்

சேர்வதற்கு முன்பே செய்யக்கூடிய பயிற்சி இது. பெரிய நூல் எதுவும் வேண்டாம். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "லிஃப்ட் பழுதடைந்துள்ளது. படிகளைப் பயன்படுத்தவும். சிரமத்திற்கு வருந்துகிறோம்." அவ்வளவுதான்.

முதலில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. "வருந்துகிறோம்" என்பதில் ஒரு "நாங்கள்" மறைந்திருக்கிறது, ஆனால் அந்த நாங்கள் யார் என்று சொல்லவில்லை, ஆக யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது. "பழுதடைந்துள்ளது" என்று வினை தானாக நடந்ததுபோல் எழுதியிருக்கிறது, பராமரிக்க வேண்டியவர் பராமரிக்கவில்லை என்பது அந்த வினைச்சொல்லுக்குள் காணாமல் போய்விட்டது. எப்போது சரியாகும் என்று இல்லை. அப்புறம் முக்கியமானது, யாரைப் பார்த்துப் பேசுகிறது? படி ஏறக்கூடியவரை மட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர், கைக்குழந்தையும் பையுமாக வருகிறவர் ஆகியோருக்கு இந்தக் காகிதத்தில் இடமே இல்லை. மூன்று வரிக்குள் இவ்வளவு இருக்கிறது.

இதைத்தான் ரெட்டரிக்கல் அனாலிசிஸ் என்கிறார்கள், முதல் செமஸ்டரின் முதல் பெரிய அசைன்மென்ட் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். லாயிட் பிட்சர் என்ற பேராசிரியர் 1968இல் எழுதிய ஒரு கட்டுரையை வகுப்பில் கட்டாயம் படிக்கச் சொல்வார்கள். அவர் மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறார்: பேச வைத்த நெருக்கடி என்ன, அதை மாற்றக்கூடிய நிலையில் இருக்கிற கேட்போர் யார், பேசுகிறவரைக் கட்டிப்போடும் வரம்புகள் என்ன. நம் காகிதத்தில் நெருக்கடி என்னவோ லிஃப்ட் நின்றதுதான், ஆனால் அதைத் தீர்க்கக்கூடியவர் மெக்கானிக்கோ நிர்வாகமோதானே தவிர வாசிக்கிறவர் இல்லை. பிட்சர் சொன்ன கணக்கில் பார்த்தால் இந்தக் காகிதத்துக்குச் சரியான கேட்போரே இல்லை, அதனால்தான் அது வெறும் மன்னிப்பாக நிற்கிறது. இப்படி யோசிக்க ஆரம்பித்தால் போதும், கட்டுரைக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு, இந்த ஆசிரியர் இங்கே உணர்ச்சியைத் தொடுகிறார், அங்கே புள்ளிவிவரம் தருகிறார் என்று பட்டியல் போடுவது. நானும் போட்டேன். பேராசிரியர் ஓரத்தில் "அதனால் என்ன?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார், ஒரு இடத்தில் இல்லை, ஏழு இடத்தில். கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கேள்விதான் இந்தப் படிப்பின் முக்கால்வாசி. அணி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பள்ளி வேலை, அது அங்கே இருப்பதால் யார் என்ன நம்பினார்கள், எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது இங்கே வேலை.

தினமும் ஒரு காகிதம் என்று ஒரு மாதம் செய்து பாருங்கள். மருந்து அட்டையில் வரும் எச்சரிக்கை, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, ஒரு செயலி உங்கள் அனுமதி கேட்கும் பெட்டி, எதுவும் ஆகும்.

மூன்றாம் படி: பழைய சொற்களைக் கண்டு பயப்படாதீர்கள்

கிரேக்கம், லத்தீன் பெயர்கள் கொட்டும். ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்ற மூன்றையும் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள்: பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனநிலை, சொல்லப்படுகிற காரணம். அரிஸ்டாட்டில் சொன்னது, கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டு. ரோமானியர்கள் வேலையை ஐந்தாகப் பிரித்தார்கள்: என்ன சொல்வது என்று கண்டுபிடிப்பது, வரிசைப்படுத்துவது, நடை, நினைவில் வைப்பது, நிகழ்த்துவது. இதெல்லாம் மேடையில் பேசுகிறவர்களுக்காக உண்டானது என்பதை மறக்காமல் படித்தால் ஏன் நினைவாற்றல் அதில் வருகிறது என்பது புரியும்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. திருக்குறளில் சொல்வன்மை என்று ஒரு அதிகாரம், அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இன்னும் இரண்டு. வகுப்பில் ஆடியன்ஸ் அனாலிசிஸ் என்று இரண்டு வாரம் நடத்துகிற விஷயத்தின் கரு அவையறிதலில் இருக்கிறது. இரண்டும் ஒன்றேதான் என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள், அது அவசரம். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று எழுதினால் அது உங்களால் மட்டும் எழுதக்கூடிய ஒரு கட்டுரை. கிரேக்க நீதிமன்றத்தில் நிற்கிறவனும் அறிஞர் சபையில் நிற்கிறவனும் ஒரே பயத்தில் நிற்பதில்லை.

பழைய கருவிகளில் எனக்கு இன்றும் அதிகம் உதவுவது ஸ்டேசிஸ் என்கிற நான்கு கேள்விகள். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க ரெட்டரிக் ஆசிரியர் ஹெர்மகோரஸ் பெயரில் வழங்குவது. நடந்ததா, நடந்ததற்கு என்ன பெயர், அது எவ்வளவு மோசம் அல்லது நியாயம், இதை முடிவு செய்ய வேண்டிய இடம் எது. லிஃப்டுக்கே வருவோம். குடியிருப்பவர்களும் நிர்வாகமும் சண்டை போடுகிறார்கள். லிஃப்ட் உண்மையிலேயே நின்றதா என்பதில் சண்டை இல்லை. இது பழுதா, திட்டமிட்ட பராமரிப்பா என்பதில் இருக்கலாம். பராமரிப்புதான், ஆனால் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டது சரியா என்பதில் இருக்கலாம். அல்லது இதைப் பேச வேண்டியது நிர்வாகத்திடமா, லிஃப்ட் கம்பெனியிடமா என்பதில் இருக்கலாம். ஒருவர் இரண்டாம் கேள்வியில் நிற்க, இன்னொருவர் மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விடிய விடியப் பேசினாலும் முடியாது. எந்த விவாதத்தைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் எந்தக் கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள், ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்காமல் தவிக்கும்போதும் இது கைகொடுக்கும்.

ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958இல் தந்த வாத அமைப்பையும் சீக்கிரமே பழகிக்கொள்ளுங்கள். "இந்த மாதப் பராமரிப்புக் கட்டணம் தர வேண்டியதில்லை" என்பது முடிவு. "பன்னிரண்டு நாள் லிஃப்ட் ஓடவில்லை" என்பது ஆதாரம். இரண்டுக்கும் நடுவில் சொல்லப்படாமல் ஒரு பாலம் இருக்கிறது: சேவை இல்லையென்றால் கட்டணம் இல்லை. வாதம் பெரும்பாலும் அந்தப் பாலத்தில்தான் உடையும், ஏனென்றால் கட்டணம் லிஃப்டுக்கு மட்டும் இல்லையே. உங்கள் கட்டுரையில் அந்தப் பாலத்தை ஒரு முறையாவது வெளியே எழுதிப் பாருங்கள், சில சமயம் எழுதிய பிறகு நமக்கே நம்பிக்கை இருக்காது.

நான்காம் படி: சீக்கிரம் மோசமாக எழுதுங்கள், பிறகு உண்மையாகவே திருத்துங்கள்

டிராஃப்ட் இல்லாமல் இந்த மேஜரில் எதுவும் நடக்காது. ஒரு கட்டுரைக்கு இரண்டு, மூன்று டிராஃப்ட் கேட்பார்கள், சில வகுப்பில் எல்லா டிராஃப்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் மதிப்பெண். கடைசி ராத்திரி ஒரே மூச்சில் எழுதிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய தொந்தரவு.

தொடங்க முடியவில்லையா, பத்து நிமிஷம் கடிகாரம் வைத்துக்கொண்டு கையை நிறுத்தாமல் எழுதுங்கள், என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், எதையும் அழிக்காதீர்கள். ஃப்ரீரைட்டிங் என்று இதற்குப் பெயர், பீட்டர் எல்போ 1973இல் பரப்பிய பழக்கம். எழுதியதில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். ஒரு வரி தேறினால் போதும். இன்னொன்று, முதல் சுற்றைத் தமிழில் எழுதுவது. யாரும் தடுக்கவில்லை. நான் குழம்பிப் போன இடங்களில் தமிழில் நாலு பத்தி எழுதிவிட்டுத்தான் மறுபடி ஆங்கிலத்துக்கு வருவேன். வரிக்கு வரி மாற்ற மாட்டேன், காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் புதிதாக எழுதுவேன்.

திருத்துவது என்றால் என்ன என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். நான்சி சாமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இருபது மாணவர்களையும் இருபது அனுபவமுள்ள எழுத்தாளர்களையும் எழுதித் திருத்த வைத்துப் பார்த்தார். மாணவர்கள் திருத்தம் என்றால் சொல்லை மாற்றுவது என்று நினைத்தார்கள், ஒரே சொல் இரண்டு முறை வந்தால் வேறு சொல் போட்டார்கள், அதோடு விட்டார்கள். அனுபவசாலிகள் தங்கள் வாதத்தின் வடிவத்தையே தேடினார்கள், வாசகரின் இடத்திலிருந்து படித்தார்கள், பத்திகளைத் தூக்கிப் போட்டார்கள். இதைப் படித்தபோது என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன், நான் திருத்தியிருந்ததெல்லாம் காற்புள்ளி.

ஆக நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். டிராஃப்ட் முடிந்ததும் ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: இந்தப் பத்தி என்ன சொல்கிறது, என்ன செய்கிறது. "எதிர்வாதத்துக்கு இடம் தருகிறது", "உதாரணம் காட்டுகிறது" இப்படி. என்ன செய்கிறது என்று எழுத முடியாத பத்தி அநேகமாகத் தேவையில்லாத பத்தி. இந்த ஓரக் குறிப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் கட்டுரையின் எலும்பு தெரியும், மூன்றாவது பத்தி முதலில் வந்திருக்க வேண்டும் என்பதுபோன்ற விஷயம் அப்போதுதான் கண்ணில் படும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வாக்கியத்துக்கு வர வேண்டும். அந்தக் கட்டத்தில் என் சரிபார்ப்புப் பட்டியல் நன்னூலின் பத்துக் குற்றம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் எல்லாம் எந்த மொழியில் எழுதினாலும் வரும். எனக்கு அதிகம் வருவது மற்றொன்று விரித்தல், இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

சக மாணவர் டிராஃப்டைப் படித்துக் கருத்துச் சொல்வதும் பாடத்தின் பகுதிதான். "நல்லா இருக்கு" என்று எழுதிக் கொடுப்பது உதவி இல்லை, தப்பிப்பது. எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுப்பதும் அப்படித்தான். எந்த இடத்தில் நீங்கள் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது, எங்கே நம்பவில்லை, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், இதைச் சொல்லுங்கள். வாங்கிக்கொள்கிற பக்கம் இருக்கும்போது வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். "அப்படி இல்லை, நான் சொல்ல வந்தது..." என்று விளக்க ஆரம்பிக்கிறீர்கள் என்றால், அந்த விளக்கம்தான் கட்டுரையில் இல்லாமல் போயிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் ரைட்டிங் சென்டர் இருந்தால் முதல் மாதமே போய்விடுங்கள். அது பிழை திருத்தும் கடை இல்லை. கட்டுரையைச் சரிசெய்வது அங்கே வேலை இல்லை, எழுதுகிறவரை மேம்படுத்துவதுதான் வேலை என்ற பொருளில் ஸ்டீபன் நார்த் 1984இல் எழுதியது இன்றைக்கும் அந்த மையங்களின் தாரக மந்திரம். இரண்டாம் வருஷம் அங்கேயே டியூட்டராக விண்ணப்பியுங்கள். மற்றவர் கட்டுரையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் நம் கட்டுரையின் ஓட்டை தானாகத் தெரியும், கையில் கொஞ்சம் காசும் வரும்.

ஐந்தாம் படி: ஆய்வுக் கட்டுரையும் மேற்கோளும்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையில் திணறினால் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் காட்டிய மூன்று நகர்வைப் பாருங்கள்: இந்தக் களம் முக்கியம் என்று காட்டு, அதில் ஒரு காலி இடம் இருக்கிறது என்று காட்டு, அந்த இடத்தில் நான் உட்காருகிறேன் என்று சொல். ஆயிரம் ஆய்வுகளின் முன்னுரை இந்த வடிவில் இருப்பதைப் பார்த்தபின் பயம் போய்விடும். மேற்கோள் முறையில் எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்), ஏபிஏ (அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன்) என்ற சங்கங்கள் வகுத்த இரண்டும் வரும், வகுப்புக்கு வகுப்பு மாறும். கையால் தட்டிக்கொண்டிருக்காமல் ஜொட்டேரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது தருவதையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், தலைப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைக் குழப்பி வைக்கும்.

ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருந்தால்

இருந்தால் என்ன, இந்தத் துறையில் அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. மாணவர்களுக்குத் தங்கள் சொந்த மொழிவழக்கில் உரிமை உண்டு என்று, 1949இல் தொடங்கியதாக மேலே சொன்ன அந்த அமெரிக்க எழுத்தாசிரியர் அமைப்பே 1974இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் வேறு, மதிப்பெண் போடுகிறவர் வேறு என்பதும் உண்மைதான். ஆகவே ஒவ்வொரு பேராசிரியரிடமும் முதல் இரண்டு வாரத்துக்குள் அவர் அறை நேரத்தில் போய், இலக்கணப் பிழைக்கு எவ்வளவு எடை தருவீர்கள் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பலர் வாதத்துக்குத்தான் முதல் எடை என்பார்கள். கேட்காமல் ஒரு செமஸ்டர் முழுக்க a, an, the என்கிற ஆர்ட்டிகிளைப் பார்த்துப் பயந்துகொண்டு சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, சொல்ல வந்ததையும் சொல்லாமல் விட்ட ஆள் நான்.

பிழைகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எல்லோருக்கும் நூறு பிழை வராது. நாலைந்து பிழைதான், திரும்பத் திரும்ப வரும். அந்த நாலைந்தை மட்டும் கடைசிச் சுற்றில் தேடுங்கள்.

ஏஐ கருவிகள் பற்றிக் கேட்பீர்கள். பாடத்துக்குப் பாடம் விதி மாறுகிறது, சிலபஸில் எழுதியிருக்கும், படியுங்கள், இல்லையென்றால் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், டிராஃப்டை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் இந்தப் படிப்பில் படிக்க எதுவுமே மிச்சமில்லை. மாறாக, அது எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து அந்த லிஃப்ட் காகிதத்தைப் பிரித்ததுபோல் பிரித்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள், யாரைப் பார்த்து? நல்ல கட்டுரை கிடைக்கும்.

ஆறாம் படி: கிளையைத் தேர்ந்தெடுப்பதும் வேலையும்

மூன்றாம் வருஷத்துக்குள் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும். டெக்னிக்கல் ரைட்டிங் பக்கம் போனால் கையேடு, உதவிப் பக்கம், மென்பொருள் ஆவணம். மார்க்டவுன் (எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை), கிட் (Git, கோப்பில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) இரண்டும் பழகிக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களில் டிட்டா என்ற எக்ஸ்எம்எல் முறையும் வரும், ஒரே பகுதியை ஒரு முறை எழுதிப் பல கையேட்டில் பயன்படுத்துவதற்கானது. சம்பளம் ஓரளவு நிலையாக இருப்பது இந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். அரசாங்க எழுத்து, எளிய மொழி என்று இன்னொரு பக்கம்: அமெரிக்காவில் 2010இல் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது, கூட்டாட்சி அலுவலகங்கள் மக்களுக்கு எழுதுவதைப் புரியும்படி எழுத வேண்டும் என்று. மானிய விண்ணப்பம், எடிட்டிங், நிறுவனங்களின் உள் தகவல் தொடர்பு, பயனர் பார்க்கும் திரைகளில் வரும் சின்னச் சொற்களை எழுதுவது, சட்டக் கல்லூரிக்குப் போவது, எல்லாம் உண்டு. கற்பிக்க ஆசை இருந்தால் முதுகலை. அமெரிக்காவில் பல முதுகலை, முனைவர் மாணவர்கள் முதல் வருஷக் கட்டுரை வகுப்பை நடத்தித்தான் கல்விக் கட்டணத்தைச் சமாளிக்கிறார்கள். அது உதவியும்தான், சுமையும்தான், இருபது பேர் கட்டுரையை ஒரு வார இறுதியில் திருத்திப் பார்த்தால் தெரியும்.

வேலைப் பட்டியலில் "ரெட்டரிக் பட்டதாரி தேவை" என்று எங்கும் வராது. தேடும்போது வேலையின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும்: டெக்னிக்கல் ரைட்டர், கன்டென்ட் டிசைனர், எடிட்டர், கிரான்ட் ரைட்டர். இன்டர்ன்ஷிப்பை மூன்றாம் வருஷ முடிவுக்குள் ஒன்றாவது செய்துவிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் ஒரு திறந்த மூல மென்பொருளின் உதவிப் பக்கத்தைச் சரிசெய்து கொடுங்கள், அதற்கு யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, செய்ததற்குச் சாட்சியும் பொதுவில் நிற்கும்.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வேலை தேடும்போது காட்டும் எழுத்துத் தொகுப்புக்கு, ஐந்தாறு துண்டுகள் போதும். நீளக் கட்டுரை ஒன்று, மிச்சமெல்லாம் வேறு வேறு வடிவம். ஒவ்வொன்றுக்கும் மேலே நாலு வரி எழுதுங்கள்: யாருக்காக எழுதியது, என்ன வரம்பு இருந்தது, முதல் டிராஃப்டிலிருந்து என்ன மாற்றினேன், ஏன். அதற்கு டிராஃப்ட் கையில் இருக்க வேண்டும். எனவே முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பின் மேல் எழுதிச் சேமிக்காமல், தேதியைப் பெயரில் போட்டுத் தனித்தனியாக வையுங்கள்.

எனக்கு முதல் வேலைக்கான நேர்காணலில், நான் பெருமையாக வைத்திருந்த இருபது பக்க ஆய்வுக் கட்டுரையை யாரும் திறக்கவில்லை. ஒரு வகுப்புக்காகத் திருப்பி எழுதிய லிஃப்ட் அறிவிப்பு, அரைப் பக்கம், அதன் மூன்று டிராஃப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டாவது டிராஃப்டில் இருந்த தொலைபேசி எண்ணுக்கான இடத்தை மூன்றாவதில் ஏன் முதல் வரிக்கு மேலே கொண்டுபோனீர்கள் என்று கேட்டார்கள், அதைப் பற்றியே இருபது நிமிஷம் பேசினோம்.